அம்மாவின் அறையில் சத்தம் 28

2022ஆம் ஆண்டின் குளிர்காலத்தைப் பற்றி என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அது மகனுடைய பழைய கணக்குக் கொப்பி. அவன் பாதியில் விட்ட பக்கங்களுக்குப் பின்னால், ஜனவரி 12ஆம் திகதி முதல், நான் நான்கு நிரல்கள் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் நிரலில் நேரம், இரண்டாவதில் காய்ச்சல், மூன்றாவதில் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி காட்டிய ஒட்சிசன் அளவு. நான்காவது நிரலுக்குத் தலைப்பு இல்லை. 28, 28, 20, 9 என்று வெறும் எண்கள் மட்டும் இருக்கின்றன. சென்ற வாரம் அலுமாரியை ஒதுக்கும்போது அந்தக் கொப்பி கையில் பட்டது. அந்த நிரல் என்னவென்று மகன் கேட்டான். அம்மம்மாவின் அறைத் தொலைக்காட்சியின் சத்தம் என்று சொன்னேன். அவன் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இதை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நாங்கள் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில், மார்க்கம் வீதிக்குக் கிட்ட, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். நிலக்கீழ் அறையில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று, மேல்மாடியில் அம்மாவின் அறையில் ஒன்று என்று வீட்டில் மூன்று தொலைக்காட்சிகள். அம்மாவுக்கு அப்போது 81 வயது; நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு; காதும் சற்று மந்தம். விடியற்காலைத் தேவாரம் தொடங்கி இரவுச் செய்தி வரை அவருடைய தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் ரிமோட்டில் பிழையான பொத்தானை அழுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் எங்களைக் கூப்பிடுவதால், மகன் என் கைத்தொலைபேசியிலேயே அந்தத் தொலைக்காட்சியை இயக்கும் செயலியைப் போட்டுத் தந்திருந்தான். அலைவரிசையை மாற்றலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். எத்தனையில் இருக்கிறது என்று எண்ணையும் அது காட்டும். அம்மாவின் எண் 28. சமையலறையில் நின்றாலும் நாடகத்தின் வசனங்கள் எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் பல தடவை முறைப்பட்டிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்தே எங்கள் மாகாணமான ஒன்ராறியோ முழுவதும் கொவிட்டின் ஒமிக்ரோன் வகை பரவிக்கொண்டிருந்தது. ஜனவரி தொடக்கத்தில் பள்ளிக்கூடங்கள் மறுபடியும் இணையவழிக்குப் போயின. உணவகங்களின் உள்ளே இருந்து சாப்பிடுவதையும் நிறுத்தியிருந்தார்கள். ஆய்வுகூடப் பரிசோதனை எல்லோருக்கும் இல்லை, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் குறிப்பிட்ட இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் மட்டுமே என்று ஆண்டின் கடைசி நாளில் அது சுருங்கிவிட்டது. ஆகவே டிசம்பரில் மகனிடம் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய பெட்டியில் இருந்த 5 விரைவுச் சோதனைகள்தான் எங்கள் கைக்காவல். நான்கு பேருக்கு ஐந்து சோதனைகள். அவற்றை எப்போது, யாருக்குப் பயன்படுத்துவது என்பதே அந்த நாட்களில் வீட்டின் பெரிய ஆலோசனையாக இருந்தது.

என் கணவர் களஞ்சியசாலை ஒன்றில் விடியற்காலை முறை வேலை செய்பவர். 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரக்கிறது என்றார். மறுநாள் காலை சோதனையில் இரண்டு கோடுகள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு போர்வையையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கிப் போனார். தடுப்பூசி போட்டவர்கள் 5 நாட்கள் தனித்திருந்தால் போதும் என்று அப்போது விதி மாறியிருந்தது. அம்மாவை அறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்று சொல்லி, சாப்பாட்டைக் கதவடியில் வைக்கத் தொடங்கினோம். அம்மாவுக்கு நவம்பரிலேயே மூன்றாவது ஊசி போட்டாயிற்று. அந்த ஒன்றை நினைத்துத்தான் என் மனம் ஓரளவு ஆறுதல் அடைந்தது.

14ஆம் திகதி வெள்ளிக்கிழமை தைப்பொங்கல். கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்பதால் வழமையான ஆண்டுகளில் அந்த மாதம் முழுவதும் ஏதாவது ஒரு மண்டபத்தில் விழா இருக்கும். அந்த ஆண்டு எல்லாம் திரைக்குள் சுருங்கியிருந்தன. நான் அடுப்பில் ஒரு சுண்டுப் பச்சையரிசி போட்டுப் பொங்கி, மூன்று கிண்ணங்களில் எடுத்து, ஒன்றை நிலக்கீழ் அறைப் படியிலும் ஒன்றை அம்மாவின் கதவடியிலும் வைத்தேன். பால் பொங்கும்போது அம்மா பக்கத்தில் நிற்காத முதற்பொங்கல் எனக்கு அது. மேலே 28இல் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து கிண்ணத்தை எடுத்த அம்மா, "தம்பி சாப்பிட்டவரோ?" என்றுதான் முதலில் கேட்டார். தம்பி என்றது மருமகனை.

அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம் மேலிருந்து வந்த சத்தம் குறைந்திருந்தது. முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. சமையலறை அமைதியாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தால் 20. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு மேலே ஓடினேன். அம்மா இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். காய்ச்சல் 38.6. அவருக்குச் சோதனை செய்து ஒரு சோதனையை வீணாக்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் செய்தேன். கோடு ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் நான்காவது நிரலைப் போட்டேன். முந்தைய நாட்களுக்கு நினைவிலிருந்து 28 என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே 20 என்று எழுதினேன்.

கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் இடித்துப் போட்டு அவித்த மல்லித்தண்ணீர், நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காய்ச்சல் குளிசை, உப்புப் போட்ட கஞ்சி, காலை மாலை சீனி அளவு பார்ப்பது. செய்யக்கூடியவை இவ்வளவுதான். ஆலோசனை கேட்க அழைத்த தொலைபேசிச் சேவை ஒன்றில் இரண்டரை மணித்தியாலம் இசையைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் வந்த தாதி மிகவும் பொறுமையாகப் பேசினார். ஒட்சிசன் 92க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, அம்மா தடுமாறிப் பேசினாலோ காத்திருக்காமல் அவசர எண் 911ஐ அழையுங்கள் என்றார். அந்த 92ஐக் கொப்பியின் மேல் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டேன். அப்போது கருவி 95 காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை இரவு பனி தொடங்கியது.

பனி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வடமராட்சியில் பனி என்றால் விடியற்காலையில் புல்லிலும் வாழையிலையிலும் முத்து முத்தாக நிற்பது, தலையில் துவாய் போடாமல் வெளியே போனால் தடிமன் பிடிப்பது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று அம்மா ஒவ்வொரு தை மாதமும் சொல்வார். அங்கே கேட்டபோது அது மிகையாகத் தெரிந்தது. இங்கே வந்த பிறகு அதே சொல்லுக்குள் முழங்காலளவு வெள்ளை மதிலையும், கதவைத் திறக்க முடியாத விடியலையும் அடக்கிவிட்டோம். இளையவர்கள் ஸ்நோ என்றே சொல்கிறார்கள். அம்மா மட்டும் இன்றைக்கும் பனி என்பார். அவர் வாயில் அது வரும்போது எந்தப் பனியைச் சொல்கிறார் என்று சில வேளைகளில் எனக்குத் தெரிவதில்லை.

17ஆம் திகதி திங்கட்கிழமை காலை, மாணவர்கள் மறுபடியும் பள்ளிக்கூடம் போக வேண்டிய முதல் நாள். மகன் முதல் நாளிரவே பையை அடுக்கி வைத்திருந்தான். விடிந்தபோது முன் ஜன்னலில் எதிர்வீடு தெரியவில்லை. வழமையாகப் பொழுதுபோக்கில் ஆளுக்கொரு திசையாக இருக்கும் எங்கள் வீட்டில் அன்று மூன்று தொலைக்காட்சிகளிலும் ஒரே காட்சிதான். ஒரு மூலையில் வெப்பநிலையும் இன்னொரு மூலையில் வீதி நிலவரமும் அடியில் ஓடும் செய்திவரியுமாக எப்போதும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த உள்ளூர்ச் செய்தி அலைவரிசையில், பனிக்குள் புதைந்து வரிசையாக நின்ற பஸ்களைக் காட்டினார்கள். கார்டினர் விரைவுச்சாலை மூடப்பட்டது. டொன் வலி நெடுஞ்சாலையும் மூடப்பட்டது. பனிப்புயல் எச்சரிக்கை என்று சிவப்பில் எழுத்து ஓடியது. பள்ளிக்கூடங்கள் திறக்கவில்லை. அன்று நகரின் சில பகுதிகளில் அரை மீற்றருக்கு மேல் பனி விழுந்தது. அதில் பெரும்பகுதி ஒரு காலைப்பொழுதுக்குள்.

அந்தச் செய்திகளுக்கு நடுவில்தான் இன்னொரு செய்தியும் வந்தது. கொவிட் நோய்க்கு வீட்டிலேயே உட்கொள்ளக்கூடிய பக்ஸ்லோவிட் குளிசைக்குக் கனடாவின் சுகாதாரத் துறை அன்றைக்கு அனுமதி வழங்கியிருந்தது. நோய் கடுமையாகக் கூடிய ஆபத்துள்ளவர்கள், தொடக்க நாட்களிலேயே எடுக்க வேண்டிய மருந்து அது. நான் மல்லித்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டடியில் நின்று அந்தச் செய்தியை முழுதாகக் கேட்டேன். மேலே படுத்திருந்தவர் அந்த விவரணத்துக்கு அப்படியே பொருந்தியவர். ஆனால் அனுமதி கிடைத்த அன்றே மருந்து கடைக்கு வந்துவிடாது. வந்திருந்தாலும் எங்கள் தெருவிலிருந்து அன்றைக்கு யாரும் எங்கும் போயிருக்க முடியாது. செய்தி வாசிப்பவர் மறுபடியும் பஸ்களுக்குத் திரும்பினார். நான் மேலே ஏறினேன். ஒட்சிசன் 94. சத்தம் 12.

மத்தியானத்துக்குப் பிறகு பனி விழுவது குறைந்தது. அப்போதுதான் வாசலைப் பார்த்துப் பயந்தேன். கதவிலிருந்து வீதி வரை ஒரு பள்ளமும் இல்லை, படியும் இல்லை, வாகனமும் இல்லை. எல்லாம் ஒரே சமதளம். இரவு அம்புலன்ஸை அழைக்க நேர்ந்தால் கட்டிலை எப்படி உருட்டி வருவார்கள்? மகனை அனுப்ப எனக்கு மனமில்லை, அவனும் காலையிலிருந்து தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது நிலக்கீழ் அறையின் பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தேன். கணவர் முகக்கவசத்தோடும் சவளோடும் இடுப்பளவு பனிக்குள் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஐந்து நாள் அன்றுதான் முடிந்திருந்தது. ஐந்து அள்ளு அள்ளிவிட்டு நின்று இருமுவார், மறுபடியும் அள்ளுவார். ஜன்னலைத் தட்டி உள்ளே வரச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து எதிர்வீட்டுப் பிலிப்பைன்ஸ் நாட்டவர் தம்முடைய பனி வாரும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான்கு வருடம் எதிரெதிரே இருந்தும் கையசைப்பதைத் தவிர நாங்கள் பேசியதில்லை. கணவர் கையைக் காட்டி, கிட்ட வரவேண்டாம் என்று சைகை செய்து, மேல்மாடி ஜன்னலைச் சுட்டிக் காட்டினார். அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு சொல்லும் பேசாமல் வாசலின் இரண்டு முனைகளிலிருந்தும் வேலை செய்தார்கள். நாங்கள் போட வேண்டிய உப்பைக்கூட அவரே தம் வாளியிலிருந்து தூவிவிட்டுப் போனார். இருட்டும்போது எங்கள் கதவிலிருந்து வீதி விளிம்பு வரை ஒரு கட்டில் உருளக்கூடிய அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வழி தெரிந்தது. கணவர் பக்கக் கதவால் மறுபடியும் கீழே இறங்கிவிட்டார்.

அன்றிரவைப் பற்றிக் கொப்பியில் அதிகம் இல்லை. 9:15க்கு 38.9, 93, சத்தம் 9. 11:30க்கு 38.4, 93, 9. அதற்குப் பிறகு 1:50க்கு 38.2, 92. வட்டம் போட்ட எண் அது. கீழே போகவில்லை, ஆனால் மேலேயும் இல்லை. அம்மாவை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணைகளை அண்டைகொடுத்து, ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னேன். 93க்கு வந்தது. பேச்சுத் தெளிவாக இருந்தது. "நீ போய்ப் படு பிள்ளை, உனக்கும் தொத்தப் போகுது" என்றார். எனக்கும் அந்நேரம் தொண்டை நோகத் தொடங்கியிருந்தது, சொல்லவில்லை. வெளியே வந்து நடைபாதையில், அவர் கதவுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே யாரோ ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கதவுக்குப் பின்னால் ஒன்பதில் ஓடும் தொலைக்காட்சி எவ்வளவு பெரிய துணை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

2:40க்கு அந்தக் குரல் நின்றது.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்தேன், தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருப்பதாகக் காட்டியது. அது தானாக நின்றதா, அம்மா நிறுத்தினாரா, கை தவறி ரிமோட் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒருபோதும் சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டுத் தூங்குபவர் அல்லர். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். அப்பாவும் நானும் முறைவைத்துச் சுற்றுவோம். பிபிசி தமிழோசை முடிந்ததும் மற்ற எல்லா வீடுகளிலும் சைக்கிள் நின்றுவிடும்; எங்கள் வீட்டில் மட்டும் அம்மா, "இன்னும் கொஞ்சம் சுத்து பிள்ளை" என்பார். என்ன பாட்டு என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. மனிதக் குரல் ஒன்று இருட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டால் ஊர் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவர் இன்று இரவு இரண்டே முக்காலுக்குத் தானாக அதை நிறுத்தியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கதவைத் திறந்தேன். அறை இருட்டாக இருந்தது. கட்டிலை நோக்கிப் போன அந்த நான்கு அடிகளை நான் விவரிக்கப் போவதில்லை. "ஆர், பிள்ளையோ?" என்று குரல் வந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, தலை இடிக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்றார். விரலைப் பிடித்துக் கருவியை மாட்டினேன். 94. மறுபடியும் பார்த்தேன், 94. நெற்றி வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலடியில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே நகரசபையின் வண்டி எங்கள் தெருவுக்கு வந்து, மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பனியை ஓரத்துக்குத் தள்ளியது. அது போன பிறகு கணவரும் எதிர்வீட்டுக்காரரும் வெட்டிய வழியின் முனையில் மறுபடியும் ஒரு பனிச்சுவர் எழும்பியிருக்கும் என்று தெரியும். விடியற்காலை 6:10க்கு அம்மா தலையணைக்குக் கீழே தடவி ரிமோட்டை எடுத்தார். தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொப்பியில் 9 என்று எழுதியிருக்கிறேன். அந்த எண்ணை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருப்பதால் பின்பக்கத்திலும் அதன் வடு தெரிகிறது.

அடுத்த வாரம் எனக்கும் மகனுக்கும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மகன் மூன்று நாளில் எழும்பிவிட்டான், எனக்கு ஒரு வாரம் எடுத்தது. மணமும் சுவையும் போய், புளிக்கஞ்சியும் வெந்நீரும் ஒன்றாகத் தெரிந்தன. நான் படுத்திருந்த நாட்களில் கணவர்தான் சமைத்தார், அம்மாவுக்கும் சாப்பாடு கொண்டுபோனார். ஆனால் தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, தட்டிவிட்டு, அம்மா கதவைத் திறப்பதற்குள் இறங்கிவிடுவார். தனிமைக் காலம் எல்லோருக்கும் முடிந்த பின்பும் அவர் அந்த அறை வாசலைக் கடக்கவில்லை. வேலை, களைப்பு என்று ஏதாவது சொல்வார். காரணம் எனக்குத் தெரியும். நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தது தாமென்று அவர் நினைத்தார். அந்த நாட்களில் எத்தனை ஆயிரம் வீடுகளுக்குள் எத்தனை வழிகளால் அது வந்திருக்கும், அவர் வேலைக்குப் போகாமல் இருந்திருக்க முடியுமா என்றெல்லாம் நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், மேலே ஏறவில்லை.

தெரு ஓரத்துப் பனிமேடுகளை வாரங்கணக்கில் லொறிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா ஜன்னலோரம் கதிரையைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். காய்ச்சல் போனாலும் இருமல் விடவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்வந்தாலே களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். நாடகங்களைப் பார்க்க மனம் வரவில்லை என்றார், அழுகையைக் கேட்டால் தமக்கும் இருமல் வருகிறதாம். எண் 14ஐத் தாண்டவில்லை.

பிப்ரவரி 4ஆம் திகதி காலை 7 மணிக்கு, அவருக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, வேறு ஒன்றும் இல்லையே என்று பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவைப் போட்டுவிட்டேன். அங்கே இரவு எட்டு மணி. எங்களுக்கும் அவர்களுக்கும் 13 மணித்தியால வித்தியாசம். பெரிய போட்டிகள் பல எங்கள் நள்ளிரவில் நடக்கும் என்பதுதான் இதன் பொருள். இருமலால் தூக்கம் வராத ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி கிடையாது. முதல் இரண்டு நாட்களிலேயே அம்மாவுக்கு எந்த விளையாட்டில் கீழே விழுந்தால் புள்ளி குறையும், எதில் விழுந்தால் எல்லாமே போய்விடும் என்பது தெரிந்துவிட்டது.

பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த யென்சிங், ஜாங்ஜியாகோவ் பகுதிகளில் குளிர் உண்டு, ஆனால் காற்று வறண்டது. இயற்கையாகப் பனி மிகக் குறைவு. ஆகவே கிட்டத்தட்ட முழுப் பனியையும் இயந்திரங்களால் தண்ணீரை விசிறி உறையவைத்துத்தான் உண்டாக்கினார்கள். பழுப்பு மலைகளுக்கு நடுவே வெள்ளைப் பட்டியாக ஒரு பாதை மட்டும் இறங்கி வரும் அந்தக் காட்சியைப் பார்த்து, அம்மா அதற்கு விளக்கம் கேட்டார். சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே லொறியில் ஏறிக்கொண்டிருந்த பனியைப் பார்த்து, "இதைக் கொண்டுபோய் எங்கை கொட்டுறதெண்டு தெரியாமல் இவையள் நிக்கினம், அவையள் தண்ணியை இறைச்சுப் பனி செய்யினம்" என்றார். படுத்த பிறகு அவர் தாமாகச் சொன்ன முதல் நீண்ட வாக்கியம் அது. நடுவில் இருமவில்லை.

6ஆம் திகதி ஞாயிறு நள்ளிரவுக்குக் கிட்ட, ஆண்களின் ஸ்நோபோர்ட் இறுதிச் சுற்றில் கியூபெக்கைச் சேர்ந்த மக்ஸ் பரோ தங்கம் வென்றார். 2018இன் இறுதியில் அவருக்கு ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதையும், அடுத்த அரையாண்டில் 12 தடவை மருந்தேற்றியதையும் வர்ணனையாளர்கள் சொன்னார்கள். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் பையன் தலைகீழாகச் சுழன்று இறங்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டியபோதெல்லாம் பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ளையின்ரை தாய் பாத்துக்கொண்டிருப்பா" என்றார். அதற்கு அடுத்த நாள் காலையில் அம்மா மாடிப்படியில் இறங்கி, நான்கு படிக்கு ஒருமுறை நின்று, சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தார். கொப்பியில் அந்த நாளுக்கு 97, சத்தம் 20.

16ஆம் திகதி புதன்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பெண்கள் ஹொக்கி இறுதிப் போட்டி. கனடாவும் அமெரிக்காவும். மகன் அம்மம்மாவின் அறையில் தரையில் மெத்தை போட்டுக்கொண்டான்; மறுநாள் பள்ளிக்கூடம் என்பதை நான் சொல்லவில்லை. கறுப்புத் தட்டு எங்கே போகிறது என்று அம்மாவின் கண்ணால் பின்தொடர முடியவில்லை. ஆகவே கனடா அணித் தலைவி மரி பிலிப் பூலானை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கோ என்று மகன் சொல்லிக்கொடுத்தான். 29ஆம் இலக்கம். 2010இலும் 2014இலும் தங்கத்தைத் தீர்மானித்த கோலை அடித்தவர் அவர்தான் என்றும் சொன்னான். பூலான் தமது முதலாவது கோலை அடித்தபோது அம்மா கையைத் தட்டினார். இரண்டாவதை அடித்தபோது ரிமோட்டை எடுத்து, பொத்தானைத் தேடி, சரியான பொத்தானையே அழுத்தி, சத்தத்தைக் கூட்டினார். என் கைத்தொலைபேசி மடியில் கிடந்தது. 24, 26, 28.

கணவருக்கு அடுத்த நாள் அதிகாலை ஐந்து மணிக்கு வேலை. அந்தச் சத்தத்தில் எவராலும் தூங்க முடியாது. மாடிப்படியில் காலடி கேட்டது. குறைக்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். அவர் கதவைத் தட்டவில்லை. பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று திரையைப் பார்த்தார். மூன்றுக்கு ஒன்று. பிறகு அம்மாவைப் பார்த்தார். ஜனவரி 12க்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான்.

"உதிலை நிண்டுகொண்டு என்னத்தைப் பாக்கிறியள் தம்பி, உள்ளை வாங்கோ" என்று அம்மா காலை மடக்கிக் கட்டிலின் நுனியில் இடம் விட்டார்.

அவர் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். கடைசி விநாடிகளில் அமெரிக்கா ஒரு கோல் போட்டு 3க்கு 2 ஆனபோது நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மணி அடித்ததும் மகன் துள்ளி எழும்பினான். அம்மா இருமலும் சிரிப்புமாகக் கணவரின் முதுகில் தட்டினார். பதக்கம் அணிவிக்கும் வரை இருந்து பார்க்கப் போவதாகக் கணவர் சொன்னார். நான் தேநீர் வைக்கக் கீழே இறங்கினேன். சமையலறையில் நின்றபோது மேலே பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.